அம்பாசிடரா, ஃபியட்டா, ஹெரால்டா, மாருதியா? பழைய கார் ஆசைக்கு எதை எடுப்பது

பழைய கார் மேல் ஆசை வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வீட்டில் இருந்ததை விற்றுவிட்டு இன்னமும் அதைப் பற்றியே பேசுகிறவர்கள் ஒரு வகை. எதிர் வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்தே வளர்ந்து, கடைசிவரை வாங்க முடியாமல் போனவர்கள் இன்னொரு வகை. பிள்ளைகள் படிப்பு முடிந்து கையில் கொஞ்சம் காசு தங்க ஆரம்பித்ததும் இரண்டு வகையினரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "ஒரு பழைய வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். அம்பாசிடர் எடுக்கவா, ஃபியட் எடுக்கவா?"

பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அந்தக் காரில் நீங்கள் எந்த சீட்டில் உட்கார்ந்திருந்தீர்கள்? பெரும்பாலும் பின் சீட் என்றுதான் பதில் வரும். அக்காவோடு சண்டை போட்டுப் பிடித்த ஜன்னலோரம். வெயிலில் நின்ற வண்டியின் ரெக்சின் சீட் தொடையைச் சுட்டது ஞாபகம் இருக்கும், பெட்ரோலும் தூசியும் கலந்த வாசனை ஞாபகம் இருக்கும். ஆனால் கிளட்ச் எவ்வளவு கனம், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப எவ்வளவு தெம்பு வேண்டும், மழையில் பிரேக் எப்படிப் பிடித்தது என்பதெல்லாம் அப்பாவுக்கோ டிரைவருக்கோதான் தெரியும். நினைவில் இருப்பது பின் சீட். காசு கொடுத்து வாங்கப்போவது டிரைவர் சீட். இதை யோசிக்காமல் எடுத்தவர்களின் வண்டிகள்தான் கவர் போர்த்தியபடி போர்ட்டிகோவில் நிற்கின்றன.

அதனால் இந்த ஒப்பீட்டை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தும், வண்டிக்கு அடியில் படுத்தும் செய்வோம். நம் ஊர் ஆசைப் பட்டியலில் வழக்கமாக வருகிற ஐந்து கார்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஜீப், வேன் ஆசைக்காரர்கள் மன்னிக்கவும்.

அம்பாசிடர்

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் கார்தான் 1957-ல் மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் அம்பாசிடர் ஆனது. 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. இன்று வாங்குகிறவருக்கு இதுவே பெரிய வசதி. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே உடம்போடு ஓடிய வண்டி என்பதால் சாமான் இன்னும் கிடைக்கிறது. சென்னை என்றால் ஜி.பி. ரோட்டில் புதிதாகவும், புதுப்பேட்டையில் கழற்றியதாகவும் தேடிப் பிடிக்கலாம். சின்ன ஊர்களில்கூட அம்பாசிடரில் கை வைத்துப் பழகிய ஒரு மூத்த மெக்கானிக் இருப்பார்.

ஆனால் 'அம்பாசிடர்' என்று சொன்னால் அது ஒரே கார் இல்லை. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 வரிசை எல்லாம் 1489 சிசி பெட்ரோல் என்ஜின், ஸ்டியரிங் பக்கத்தில் கை கியர், முன்னால் நீளமான பெஞ்ச் சீட். 1990-களில் வந்த 1800 ஐ.எஸ்.இசட். வேறு வண்டி: இசுசுவின் 1817 சிசி என்ஜின், ஐந்து கியர், தரை கியர். இரண்டுக்கும் நடுவில் டீசல் வண்டிகள் வேறு. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் இசுசு என்ஜின் வண்டிதான். சின்ன வயதில் பார்த்த கிரில், கை கியர், பெஞ்ச் சீட் வேண்டும் என்றால் மார்க் 2 அல்லது 3. டீசலை ஆசைக்காக யாரும் எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசவே தனித் தெம்பு வேண்டும். போதாக்குறைக்கு அவற்றில் நிறைய வண்டிகள் டாக்சியாக உழைத்து ஓய்ந்தவை. ஆர்.சி.யில் முன்பு மஞ்சள் போர்டாக இருந்து பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றியதா என்று பாருங்கள்.

கை கியர் பற்றிப் பின் சீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கியர் கம்பிகளும் புஷ்ஷும் தேய்ந்த வண்டியில், சிக்னலில் முதல் கியர் போடும்போது லிவர் பாதியில் மாட்டிக்கொள்ளும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. இறங்கி, பானெட்டைத் தூக்கி, ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் இரண்டு லிங்க்குகளையும் கையால் தட்டி நேராக்கி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மறுபடி உள்ளே ஏற வேண்டும். பின்னால் இருக்கிறவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பார்கள். கை நிறைய கிரீஸ். புஷ் மாற்றினால் சரியாகிவிடும், பெரிய செலவில்லை. ஓட்டிப் பார்க்கப் போகும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ரிவர்சுக்கும் நாலைந்து தடவை மாற்றிப் பாருங்கள். அதிலேயே முந்தைய ஓனர் வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்துவிடும்.

ஒரு டன்னுக்கு மேல் எடை, பவர் ஸ்டியரிங் கிடையாது, பழைய மாடல்களில் நாலு பக்கமும் டிரம் பிரேக். முன்னால் போகிற புதுக் கார் திடீரென்று நின்றால் உங்கள் வண்டி அதே தூரத்தில் நிற்காது. ஊருக்குள் லிட்டருக்கு எட்டோ ஒன்பதோ கிலோமீட்டர் ஓடினால் நல்ல வண்டி. இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது இடம். பாட்டி, பேரன், சாப்பாட்டுக் கேரியர், எல்லாமே ஏறும். குடும்பத்தோடு போவதுதான் உங்கள் ஆசையின் மையம் என்றால் மற்ற நாலு கார்களும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஃபியட், அதாவது பத்மினி

தமிழ்நாட்டில் டாக்டர், வக்கீல், பேராசிரியர் வீட்டுக் கார் என்றால் அது ஃபியட்தான். இத்தாலியின் ஃபியட் 1100-ஐ மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. 1964-ல் 1100 டிலைட், 1970-களின் தொடக்கத்தில் பிரீமியர் பிரசிடென்ட், 1974-லிருந்து பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிக்கொண்டே வந்தாலும் ஜனங்கள் கடைசிவரை ஃபியட் என்றே சொன்னார்கள். அந்தக் காலத்தில் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்க முடியாமல் போன கதைகள் இந்தக் காருக்குத்தான் அதிகம். பதிவு செய்து காத்திருந்து, முறை வரும்போது கையில் பணம் இல்லாமல், அந்த அலாட்மென்ட்டையே வேறொருவருக்கு விட்டுக்கொடுத்த குடும்பங்கள் உண்டு. மும்பையில் கறுப்பு-மஞ்சள் டாக்சியாகக் கடைசிவரை ஓடியதும் இதுவே. 20 வருடக் கெடு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் அங்கே சாலையை விட்டுப் போனது.

ஓட்டுவதில் அம்பாசிடருக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். 1089 சிசி என்ஜின், சுமார் 40 குதிரைத் திறன், ஆனால் வண்டி இலகு. ஸ்டியரிங் நேராகப் பேசும். இதிலும் கை கியர்தான், அம்பாசிடரில் சொன்ன தொல்லை இதிலும் வரும், ஆனால் தேயாத வண்டியில் இந்தக் கியர் விழுகிற சுகமே தனி. முதல் கியர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் விழாது. நின்ற பிறகு போட வேண்டும், அல்லது கிளட்ச்சை இரண்டு தடவை மிதித்துப் பழக வேண்டும். சந்துகள் நிறைந்த ஊரில், ஒருவரோ இருவரோ ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே போய்வர இதைவிடப் பொருத்தமான பழைய வண்டி எனக்குத் தெரியவில்லை.

வெயில்தான் எதிரி. கோடையில் டிராஃபிக்கில் நின்றால் பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, வண்டி நின்றுவிடும். அந்தக் கால ஃபியட்காரர்கள் பானெட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியதைப் பார்த்திருப்பீர்கள். அதே வைத்தியம்தான் இன்றும். அதைவிட முக்கியம், இதன் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ரேடியேட்டர் கொதித்த பிறகும் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும், கேஸ்கட் போகும். விலை பேசுவதற்கு முன் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். என்ஜின் ஆயில் டீ நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம்.

ஆனால் என்ஜின் இரண்டாவது விஷயம். ஃபியட்டைச் சாகடிப்பது துரு. "என்ஜினை விடுங்க சார், அதை நான் பார்த்துக்கறேன், நீங்க அடியைப் பாருங்க" என்று ஒரு நல்ல மெக்கானிக் முதலிலேயே சொல்லிவிடுவார். இதற்குக் காரணம் உண்டு. இந்தக் காருக்குத் தனியாக சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத்தகடும் பக்கவாட்டும் கூரையும் சேர்ந்ததுதான் முழு பலமும். அம்பாசிடரும் மாருதி 800-உம் அப்படித்தான், ஆனால் ஃபியட்டின் தகடு துருவுக்குச் சீக்கிரம் இடம் கொடுத்துவிடும். கதவுக்குக் கீழே ஓடும் பகுதி, முன் சீட்டின் அடித்தரை, ஸ்பிரிங் வந்து சேருகிற இடம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற குழி, இவ்வளவையும் பார்க்க வேண்டும். மிதியடியைத் தூக்கச் சொல்லுங்கள். "அப்புறம் பார்க்கலாம் சார்" என்றால் அப்போதே பாருங்கள். புதுப் பெயின்ட் பளபளவென்று இருந்தால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கதவின் அடிப்பாகத்தில் வைத்தால், தகடு உள்ள இடத்தில் பிடிக்கும், பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். கதவைத் திறந்து மூடும்போது கொஞ்சம் தூக்கி மூட வேண்டியிருந்தால், கீல் தேய்ந்திருக்கலாம், அல்லது தூண் அடியில் உளுத்திருக்கலாம். முதலாவது சின்ன வேலை. இரண்டாவது என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

டிங்கர் வேலை நன்றாகத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அவர்களுக்கு அவசரமும் கிடையாது. தரை மாற்ற விட்ட வண்டி ஒரு தீபாவளிக்குப் போய் அடுத்த தீபாவளிக்குத் திரும்புவது சகஜம். அதனால் ஃபியட்டில் மட்டும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: என்ஜின் படுத்துக் கிடந்தாலும் பரவாயில்லை, தகடு நன்றாக உள்ள வண்டியை எடுங்கள். என்ஜின் நன்றாக ஓடி தகடு போன வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் அது மலிவு இல்லை.

ஹெரால்டு

சென்னைக்காரர்களுக்கு இதன் மேல் தனிப் பாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியில் 1961-லிருந்து செய்த கார். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு, உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி. பிறகு வந்த நாலு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. 1970-களில் அதன் வழியில் கெசல் வந்தது, 1980-களில் ஸ்டாண்டர்டு 2000 வந்து தடுமாறியது, 1988-ல் ஆலையே மூடிக்கொண்டது.

வேலை செய்யப் பிடிக்கிறவருக்கு இந்த ஐந்தில் இதுதான் கார். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு பிளக் மாற்றலாம். தனி சேசிஸ் இருக்கிறது, பாடி அதன் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு நிற்கிறது. ஃபியட்டில் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டிய இடத்தில் இதில் பல பகுதிகளைக் கழற்றி வேலை பார்த்து மாட்டிவிடலாம். திரும்பும் வட்டம் சுமார் 25 அடிதான். இவ்வளவு சின்ன வட்டத்தில் திரும்புகிற காரை இன்றும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கெட்ட செய்தி பின்பக்கம் இருக்கிறது. குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், அதன் இரண்டு முனையிலும் தனித்தனியாக ஆடும் ஆக்சில். பின்னால் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தால் பின் சக்கரங்கள் கால் அகட்டி நிற்கும். வேகமாக வளைவில் திருப்பி நடுவில் ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளும், தெரியாதவர்கள் பயந்துவிடுவார்கள். சாமான் விஷயத்தில் அம்பாசிடரோடு ஒப்பிடவே முடியாது. ஆலை மூடி எத்தனையோ வருடமாயிற்று, பல சாமான்களை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். அங்கே ட்ரையம்ஃப் பிரியர்கள் நிறைய என்பதால் கிடைப்பதில் கஷ்டமில்லை, சுங்க வரியும் காத்திருப்பும்தான் கஷ்டம்.

ஆகவே ஹெரால்டு முதல் பழைய காராக வேண்டாம். ஏற்கெனவே ஒரு வண்டியைப் பராமரித்துக் கை பழகியவர், ஷெட் உள்ளவர், சனிக்கிழமை மதியம் முழுக்கக் காருக்கு அடியில் இருந்தாலும் வீட்டில் திட்டு வாங்காதவர் எடுக்கட்டும்.

கான்டெசா

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாக்ஸ்ஹால் விக்டர் உடம்பில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கொண்டுவந்து 2002 வரை செய்த கார். 1980-களில் பையன்களாக இருந்தவர்களுக்கு இதன் நீளமும் அந்த முகமும் இன்றும் தூக்கத்தைக் கெடுக்கும். ஆரம்பகால வண்டிகளில் அம்பாசிடரின் அதே 1489 சிசி என்ஜின், அந்த உடம்பை இழுக்க அது போதவே போதாது. இசுசு 1.8 லிட்டர் வந்த பிறகுதான் தோற்றத்துக்கேற்ற ஓட்டம் கிடைத்தது. எடுத்தால் அதை எடுங்கள். என்ஜின் சாமான் கிடைக்கும். கண்ணாடி, பீடிங், விளக்கு, கிரில் போன்ற பாடி சாமான்களில் ஒன்று குறைந்தாலும் அதைத் தேடியே மாதங்கள் ஓடும். எல்லாம் முழுசாக இருக்கும் வண்டியாகப் பார்த்து, அதற்குக் கூடுதல் விலை கேட்டாலும் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மாருதி 800

இதைப் பட்டியலில் சேர்த்ததற்கு அம்பாசிடர்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். 1983 டிசம்பர் 14-ம் தேதி பிரதமர் இந்திரா காந்தி கையால் முதல் சாவியை வாங்கிய ஹர்பால் சிங், 2010-ல் இறக்கும்வரை அந்தக் காரை விற்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்த அந்த வெள்ளைக் காரைக் கம்பெனியே பழையபடி சரிசெய்து தன் தலைமை அலுவலகத்தில் வைத்திருக்கிறது. ஏக்கத்துக்குரிய கார் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இன்றைக்கு நாற்பது வயதில் இருப்பவர்களின் பின் சீட் ஞாபகம் அம்பாசிடர் இல்லை, 800-தான்.

796 சிசி, மூன்று சிலிண்டர், முன் சக்கர இழுவை, சுமார் 650 கிலோ எடை. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும். ஐந்தில் அது ஒன்றுக்குத்தான் அந்தச் சான்றிதழ் கொடுப்பேன். 2014 ஜனவரியில்தான் உற்பத்தி நின்றது, ஆகவே எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார்.

எந்த 800 என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1986 வரை வந்த முதல் உடம்பு, கொஞ்சம் சதுரமான முகத்தோடு, பெட்டி மாதிரி இருக்கும். அது இப்போது அபூர்வம், வைத்திருப்பவர்களுக்கும் அது தெரியும். அதற்குப் பிறகு வந்த கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் ஓரளவு கிடைக்கின்றன. 2000-ஐ ஒட்டி, கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை ஊசி போல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறையோடு வந்த வண்டிகள் ஓட்ட நன்றாக இருக்கும், ஆசைக்கு அவ்வளவாக ஒத்துவராது. என்னைக் கேட்டால் ஆரம்பகால இரண்டாம் உடம்பு வண்டி ஒன்றை, கம்பெனி பெயின்ட்டோடு, ஒரே ஓனர் கையில் இருந்ததாகப் பார்த்து இப்போதே எடுத்துவிடலாம். 800 தானே என்று ஜனங்கள் இரும்புக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஃபியட்டுக்கும் ஒரு காலத்தில் இதுவேதான் நடந்தது.

அதே கார் கிடைத்தால்?

அப்பா விற்ற அதே வண்டி, அதே நம்பரோடு எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்தால் இதுவரை எழுதியதை எல்லாம் மறந்துவிடலாம். அந்த ஆசைக்கு ஒப்பீடு கிடையாது. நம்பர் ஞாபகம் இருந்தால் மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் போட்டுப் பாருங்கள். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய பதிவுகளில் பல கணினியில் ஏறாமலே கிடக்கின்றன, அதனால் காட்டவில்லை என்றால் வண்டி இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கண்டுபிடித்தாலும் நிறம், சீட், சில சமயம் என்ஜின்கூட மாறியிருக்கும். அதை எதிர்பார்த்துப் போங்கள்.

ஒரு நாள் ஆசைதான் என்றால் வாங்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பழைய வண்டிகளில் டிரைவரோடு ஒரு சுற்று போய்வரலாம். கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்தில் அரை நாள் நின்றாலே பலருக்கு மனசு ஆறிவிடும். சிலருக்குப் பசி கூடிவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

என் தேர்வு

வீட்டில் மூன்று தலைமுறை இருந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றால் இசுசு என்ஜின் அம்பாசிடர். தனியாகவோ துணையோடோ ஓட்டி ரசிக்க, தகடு நல்ல நிலையில் உள்ள ஃபியட். வாரத்தில் நாலு நாள் நிஜமாகவே ஓட்டுவேன் என்பவருக்கு 800. ஆளைப் பார்க்காமல் ஒரே ஒரு பெயர் சொல்லு என்றால் ஃபியட் என்பேன். பின் சீட் ஞாபகத்துக்கும் டிரைவர் சீட் நிஜத்துக்கும் தூரம் குறைவாக இருப்பது அதில்தான். அம்பாசிடரில் பின் சீட் சொர்க்கம், முன் சீட் உழைப்பு. ஃபியட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

வீட்டில் இருந்ததை எடுப்பதா, கிடைக்காமல் போனதை எடுப்பதா என்று இரண்டு மனமாக இருப்பவர்களுக்கு நான் கிடைக்காமல் போனதன் பக்கம். இருந்த காரை மறுபடி வாங்கினால், அப்பா ஓட்டும்போது இப்படி ஆடாதே, ஹார்ன் இப்படிக் கேட்காதே என்று ஒவ்வொன்றிலும் ஞாபகம் குறுக்கே வரும். ஓட்டாத காருக்கு அந்தச் சங்கடம் இல்லை.

பெட்ரோலும் காகிதமும்

எந்த வண்டியானாலும் இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்கள், கார்புரேட்டர் வாஷர், பம்ப் டயஃப்ரம் எல்லாம் இதற்காகச் செய்தவை இல்லை. உப்பி, வெடித்து, கசியும். வாங்கிய முதல் வாரமே எத்தனாலுக்குத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் கசிவு விளையாட்டு இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க் உள்ளே துரு வரும். வாரம் ஒரு தடவை பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுவதுதான் மருந்து. பழைய 1489 சிசி அம்பாசிடர் என்றால் இன்னொன்று: ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றுவிட்டது. அதற்குமுன் ஈயம்தான் வால்வு சீட் தேயாமல் காத்தது. ஹெட்டைக் கழற்றி கெட்டியான வால்வு சீட் போட்டாயிற்றா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் விலையில் கழியுங்கள்.

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து இதற்கு மத்தியக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தாமதக் கட்டணம் ஏறும், ஆகவே ஆர்.சி. எப்போது முடிந்தது என்பதை வைத்துதான் வண்டியின் உண்மை விலையைக் கணக்குப் போட வேண்டும்.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் 'விண்டேஜ்' பதிவு என்று தனி வழி வந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஹெரால்டுக்கும் பழைய மார்க் 2-க்கும் டிலைட்டுக்கும் பொருந்தும். பத்மினியில் முதல் சில வருட வண்டிகள்தான் இந்தக் கணக்குக்குள் வரும்; கான்டெசா, 800 எதுவும் வராது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பதிவில் உள்ள வண்டியை தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்வர ஆசைப்படுகிறவர் சாதாரணப் பதிவையே உயிரோடு வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, பணம் கைமாறும் முன் சேசிஸ் நம்பரை நீங்களே வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஒவ்வொரு எழுத்தும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். துருவில் ஒரு எண் அழிந்திருந்தால்கூட ஆர்.டி.ஓ. ஆபீசில் அது பெரிய வேலையாகிவிடும். ஆர்.சி.யில் உள்ளவர் காலமாகியிருந்தால், வாரிசுகள் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகு விற்கட்டும். "எல்லாரும் கையெழுத்து போட்டுடுவோம், நீங்க எடுத்துட்டுப் போங்க" என்பதை ஏற்க வேண்டாம். ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பெயர் மாறியது திரையில் தெரிந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுப்பதாக முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். அவருக்கும் அந்தக் காரை யாரிடம் கொடுக்கிறோம் என்பதில் அக்கறை இருக்கும், நாலு கேள்வி அவரும் கேட்பார்.